தேவகோட்டை நண்பனுக்கு: புதிய அலாய் வீலும் ஸ்டீயரிங் உதறலும்

காரைக்குடி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆத்தாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, இப்போது யார் துணையும் இல்லாமல் வளவுக்குள் நடமாடுகிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே வீட்டில் அனைவரும் நலம். பட்டறையிலும் வேலைக்குக் குறைவில்லை. மற்றச் செய்திகளை நேரில் பேசிக்கொள்ளலாம். பிள்ளைகளையும் ஆத்தாவையும் ஏற்றிக்கொண்டு நீ ஊர் ஊராகப் போகிற வண்டி என்பதால், நீ கேட்டிருந்த விஷயத்துக்கு உடனே பதில் எழுதாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னோவாவுக்குப் புதிய அலாய் வீல் போட்ட நாளிலிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் உதறத் தொடங்குகிறது, 95, 100-இல் கை நடுங்குகிறது, 110-ஐத் தாண்டினால் சற்று அடங்குகிறது, வெவ்வேறு கடைகளில் சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் பேலன்சிங் செய்தும் தீரவில்லை, கடைசியாகப் பார்த்தவர் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷை மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். புஷ்ஷுக்கு இப்போது பணம் கொடுக்காதே. கழற்றி வைத்திருக்கும் பழைய வீல்களை நான்கு பக்கமும் மாட்டி, திருமயத்தைத் தாண்டிப் புதுக்கோட்டை போகும் அதே சாலையில் அதே வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பார். உதறல் அடங்கிவிட்டால், அது பிறக்கும் இடம் புதிய வீலோ அதை மாட்டிய முறையோதான் என்பது உறுதியாகிவிடும். தேய்ந்த புஷ் உதறலைக் கூட்டிக் காட்டலாமே தவிர, வீல் மாற்றிய அன்றைக்கே புதிதாக ஒன்றை உண்டாக்காது.

உன் வண்டியின் 205/65 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் உருளுகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 14 சுற்று சுற்றுகிறது. சக்கரமும் சஸ்பென்ஷனும் சேர்ந்த அமைப்புக்கு நொடிக்கு 10 முதல் 15 முறை வரை அதிரும் இயல்பு உண்டு. சக்கரத்தின் சுற்று அந்தக் கணக்கோடு ஒத்துப்போகும் வேகத்தில் சிறிய குறையும் பெரிதாகத் தெரிகிறது, வேகம் அதைக் கடந்ததும் சற்று அடங்குகிறது. நீ சொன்ன 80 முதல் 110 வரை என்பது இதற்குள் சரியாக விழுகிறது. ஸ்டீயரிங்கில் தெரிகிறது என்றால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் அது டிஸ்க் கோளாறு. உன் வண்டி பிரேக் பிடிக்காமலே நடுங்குவதால் டிஸ்க்கை விட்டுவிடலாம்.

இனி, இத்தனை முறை பேலன்சிங் செய்தும் ஏன் தீரவில்லை என்பதற்கு வருகிறேன். பேலன்சிங் மெஷினில் வீலை மாட்டும்போது, வீலின் நடுத்துளைக்குள் ஒரு கோன் நுழைந்து, அந்தத் துளையின் மையத்தை வைத்தே வீலைச் சுற்றுகிறது. வண்டியிலோ வீல், தான் மாட்டப்படும் ஹப் என்ற சுழலும் பாகத்தின் மையத்தைச் சுற்றி ஓடுகிறது. இந்த இரண்டு மையங்களும் ஒன்றாக இருந்தால்தான் மெஷின் காட்டும் பூஜ்யத்துக்குப் பொருள் உண்டு. கம்பெனியிலிருந்து வரும் வீலில் நடுத்துளை ஹப்பின் விட்டத்துக்கே கடைந்திருக்கும். இன்னோவாவில் அது 60.1 மில்லிமீட்டர். வெளியில் விற்கும் வீல்களைப் பல வண்டிகளுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் 73.1 மில்லிமீட்டர் போன்ற பெரிய துளையோடு வார்க்கிறார்கள். அப்படிப்பட்ட வீலை நேரே மாட்டினால் ஹப்பைச் சுற்றி ஆறரை மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். உங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடக்கும் திருகையில் முளை தேய்ந்து மேல்கல்லின் துளை அகன்றுவிட்டால், மேல்கல் நடுவைவிட்டு விலகி அடித்துக்கொண்டே சுற்றுமல்லவா, இதுவும் அதேதான்.

நட்டுகள் வீலை ஓரளவு நடுவுக்குக் கொண்டுவந்துவிடுமே, மிஞ்சி அரை மில்லிமீட்டர் விலகினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். டயரும் ரிம்முமாகச் சேர்ந்து ஒரு சக்கரம் சுமார் 18 கிலோ என்று வைத்துக்கொள். அது மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ரிம்மின் விளிம்பில் 47 கிராம் எடையை ஒட்டிவிட்டதற்குச் சமம். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ ஏழு கிலோ விசையாக, நொடிக்கு 14 முறை ஹப்பை இழுத்து உலுக்குகிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிவிடுவதால்தான், ஊருக்குள் 50-இல் போகும்போது உனக்கு ஒன்றும் தெரிவதில்லை. கடைக்காரர் ஐந்து கிராம், பத்து கிராம் என்று பொறுமையாக ஒட்டிக்கொண்டிருக்க, வண்டியில் மாட்டும் கணத்தில் 47 கிராம் பிழை புதிதாகச் சேர்ந்துவிடுகிறது. அவருடைய மெஷின் பொய் சொல்லவில்லை, வண்டியில் நடப்பதைப் பார்க்கும் வழி அதற்கு இல்லை.

இதற்கு மருந்து ஹப் ரிங் என்ற சிறு வளையம். உன் வீலின் துளை 73.1 என்றால், வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 60.1 உள்ள ரிங் வேண்டும். அளவு அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். இருந்தாலும் வெர்னியர் வைத்து ஹப்பையும் வீலின் துளையையும் அளந்த பிறகே வாங்கு. ரிங்கை விரலால் அழுத்தினால் ஹப்பில் ஏற வேண்டும், ஏறிய பின் துளியும் ஆடக் கூடாது. சுத்தியால் தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் அது உன் வண்டிக்கானது அன்று. பிளாஸ்டிக்கா அலுமினியமா என்று கேட்பாய். வண்டியின் பாரத்தை நட்டுகளின் இறுக்கத்தால் வீலுக்கும் ஹப்புக்கும் இடையே உண்டாகும் உராய்வுதான் தாங்குகிறது. ரிங்குக்கு வீலை மையத்தில் உட்கார வைக்கும் வேலை மட்டுமே. ஆகவே நல்ல பிளாஸ்டிக் ரிங்கே பலருக்குப் போதும், அது துருவோடு ஒட்டிக்கொள்ளாது என்பது அதற்கு ஒரு நன்மை. ஆனால் நீ ஆண்டுதோறும் ஆள் நிறைத்துக்கொண்டு கொடைக்கானல் ஏறி இறங்குகிறவன். இறக்கத்தில் டிஸ்க் கொதிக்கும் சூட்டில் பிளாஸ்டிக் நெகிழ்ந்துபோகலாம் என்பதால், உனக்கு அலுமினியம் போடத்தான் சொல்வேன்.

கோன் வடிவ நட்டு தானாகவே வீலை மையத்துக்கு இழுத்துவிடும், ரிங் தேவையில்லை என்று சிலர் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. வீலைத் தூக்கிய நிலையில் வைத்துக்கொண்டு, ஐந்து நட்டையும் கையால் மாற்றி மாற்றி நிதானமாக இறுக்கினால் மையம் பெரும்பாலும் கிடைக்கும். நம் கடைகளில் அப்படியா நடக்கிறது? ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும், நட்டு ஏறும் ஸ்டட்டில் வீலைத் தொங்கவிட்டு, கைக்கு எட்டிய முதல் நட்டில் ஏர் கன்னை வைத்து ஒரே அழுத்தாக அழுத்துகிறார்கள். வீல் தன் கனத்தால் கீழிறங்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்கிறது. பிறகு மற்ற நான்கு நட்டுகளை எவ்வளவு முறுக்கினாலும் அது நகராது.

நட்டைப் பற்றியும் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உதறலோடு முடிகிற விஷயம் அன்று, உயிருக்கே ஆபத்தானது. டொயோட்டா தன் அலாய் வீல்கள் பலவற்றுக்கு வாஷரோடு கூடிய, அடி தட்டையான நட்டைத் தருகிறது; ஹோண்டாவின் நட்டுக்கு அடி உருண்டையாக இருக்கும்; வெளியில் வாங்கும் வீல்களில் பெரும்பாலானவை 60 டிகிரி கோன் நட்டுக்காகக் கடைந்தவை. தட்டை நட்டைக் கோன் குழியில் போட்டாலும், உருண்டை நட்டைப் போட்டாலும் மெல்லிய ஓரம் மட்டுமே படும். ஓடஓட அது தேய்ந்து இறுக்கம் தளரும். உன் பழைய நட்டையே புதிய வீலுக்கும் போட்டார்களா என்று முதலில் பார். ஒரு நட்டைக் கழற்றிக் குழிக்குள் பார்த்தால், சுற்றிலும் சீரான பளபளப்பு இருக்க வேண்டும். ஒரே ஒரு மெல்லிய கோடாக வட்டம் விழுந்திருந்தால் நட்டு தவறு. இன்னோவாவின் ஸ்டட் 12 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 1.5, ஆகவே நட்டு முழுமையாகப் பிடிக்கக் குறைந்தது எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். அத்துடன் வீலின் பின்புறத்தில் 5 துளை, 114.3 என்று பொறித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடு; நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் அது, மில்லிமீட்டரில். 112 அளவு வீலையும் பலவந்தமாக ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. அதில் நட்டு கோணலாகவே உட்காரும்.

ரிங்கும் நட்டும் சரியாக இருந்தும் உதறுகிற வண்டிகளில் நான் அடுத்துப் பார்ப்பது ஹப்பின் முகம். அண்மையில் கோட்டையூரிலிருந்து ஒரு ஹோண்டா சிட்டி கார் வந்திருந்தது. முன் இடது வீலைக் கழற்றித் திருப்பியதும், அதன் பின்முகத்தில் ஓர் இடம் மட்டும் கண்ணாடியாக மின்னியது. மற்ற இடமெல்லாம் மங்கிய சாம்பல் நிறம். அதற்கு நேரே ஹப்பில் பார்த்தால், ஸ்டட் ஒன்றின் அடியில் துரு பொருக்காக எழும்பியிருந்தது, விரல்நுனியால் தடவினால்தான் உயரம் தெரியும். மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூட இராது. ஆனால் ஹப்பின் முகத்தைவிட டயரின் விட்டம் நாலரை மடங்கு என்பதால், அங்கே 0.3 மில்லிமீட்டர் சாய்வு டயரின் ஓரத்தில் 1.4 மில்லிமீட்டர் ஆட்டமாக வந்து நிற்கிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, அதே வீலை அதே எடைகளோடு மாட்டினோம், உதறல் போய்விட்டது. புதுவண்டிகளில் டிஸ்க் விழாமலிருக்க ஸ்டட்டில் மாட்டி அனுப்பும் மெல்லிய தகட்டுக் கிளிப்பும் இதே வேலையைச் செய்யும், அதைப் பிடுங்கிவிடலாம். புதிய வீலின் பின்முகத்தில் பெயின்ட் கட்டி நின்றாலும் அப்படியே. தொண்டிக் கடற்கரைப் பக்கம் நீ அடிக்கடி போய்வருவதால் உப்புக்காற்றில் இரும்பு ஹப்பும் அலுமினிய வீலும் சேருமிடம் விரைவாக அரிக்கும். ஹப்பின் நடுவே நீட்டி நிற்கும் உதட்டில் மட்டும், அரித்து ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்ட்டி-சீஸ் பசையை மெலிதாகப் பூசு. ஸ்டட் மரையில் எண்ணெயோ பசையோ படவே கூடாது, பட்டால், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவைவிட அதிகமாக இறுகிவிடும்.

மாட்டும் முறை இதுதான். ஜாக்கியில் தூக்கியபடியே ஐந்து நட்டையும் கையாலேயே ஏற்றிவிட வேண்டும். வீலை இரு கையாலும் அசைத்து ரிங்கில் உட்காரவைத்து, ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில் சிறு ஸ்பேனரால் இறுக்க வேண்டும். டயர் தரையைத் தொடும் அளவுக்கு மட்டும் இறக்கி, டார்க் ரெஞ்சால் அதே வரிசையில் முதலில் 50, பிறகு 103 நியூட்டன் மீட்டர் வரை கொண்டுபோக வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும். புதிய வீலின் பெயின்ட் அமுங்கி நட்டு சற்றே தளர்வது வழக்கம்.

இவ்வளவும் சரியான பிறகுதான் பேலன்சிங்கைச் சோதிக்க வேண்டும். மெஷின் பூஜ்யம் காட்டியதும், கடைக்காரரிடம் பணிவாகக் கேட்டு, வீலைத் தளர்த்தி அரைச்சுற்று திருப்பி மீண்டும் மாட்டிச் சுற்றச் சொல். அப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே காட்டினால் மெஷினில் வீல் மையமாக உட்கார்ந்திருக்கிறது. இருபது முப்பது கிராம் என்று தாவினால் கோன் சரியில்லை, அந்தப் பேலன்சிங்கை நம்பாதே. சுற்றும்போதே ரிம்மின் ஓரத்தருகே ஒரு ஸ்க்ரூடிரைவரை அசையாமல் பிடித்தால் வளைவு கண்ணுக்குத் தெரியும். டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஓடும் வரி எங்கும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் டயர் முழுதாக உட்காரவில்லை. சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் செய்தால் சரியாகும் என்று யாரேனும் சொன்னால் கேட்காதே. அது வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் டயர் ஓரம் தேய்வதற்கும் உரியது.

நம் பக்கத்துக்கென்றே இரண்டு காரணங்கள் உண்டு. மழைக்காலத்தில் செம்மண் சேறு ரிம்மின் உட்புறத்தில் அப்பிக் காய்ந்தால், நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி இன்று திடீரென உதறும். தண்ணீர் பீய்ச்சி உட்புறத்தைக் கழுவினாலே தீரும். மற்றொன்று, வெளியூரில் இருப்பவர்கள் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வந்தால் மட்டும் எடுக்கும் வண்டிகள்: மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற டயர் அடியில் தட்டையாகிவிடும். காற்றைச் சரிபார்த்துச் சிறிது தூரம் ஓட்டினால் பெரும்பாலும் தானே சரியாகும். ஆகாவிட்டால் டயரைத்தான் மாற்ற வேண்டும்.

பழைய வீல்களில் ஓட்டிப் பார்த்ததன் முடிவை எழுது. அல்லது வரும் ஞாயிறன்று இரண்டு செட் வீலையும் ஏற்றிக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்துவிடு, ரிங்கை இங்கேயே அளந்து வாங்கிக்கொள்ளலாம். புதிய நட்டுகளுக்குத் தனிச் சாவி கொடுத்திருந்தால் அதை வண்டியிலேயே வை. வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் பாதிவழியில் பஞ்சராகி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டெப்னி பழைய வீலாகவே இருப்பதால், அதற்குரிய பழைய நட்டுகளையும் ஒரு துணிப்பையில் கட்டி ஜாக்கியோடு போட்டு வை.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்