முகூர்த்த நாட்களையும் பார்த்து விதி எழுதுங்கள்: பேரிடர் மேலாண்மைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: அரசுச் செயலாளர், வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை, தமிழ்நாடு அரசு.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

திருநெல்வேலி வட்டாரத்தில் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுத்து நடத்துகிறவன் நான். உலக சுகாதார நிறுவனம் கொரோனாவுக்கான அவசரநிலையை 2023 மே 5 அன்றே விலக்கிக்கொண்டுவிட்ட பிறகு இந்த மடல் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். அடுத்த தொற்று வரும்போது, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அவசரமாக ஆணை எழுத வேண்டியிருக்கும்; அப்போது அலுவலர்கள் பழைய கோப்பை எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுவார்கள். அந்தக் கோப்பில் உள்ளவற்றை நோய் இல்லாத இந்த நாட்களிலேயே திருத்திவிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கூட்டத்தைக் கட்டுப்படுத்தியதே தவறு என்று நான் வாதிடவில்லை. மூடிய மண்டபத்தில், முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து உண்ணும் பந்தியைப்போல் கிருமிக்கு வசதியான இடம் குறைவு என்பது பந்தி நடத்துகிற எங்களுக்கு நன்றாகவே தெரியும். என் குறையெல்லாம் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட விதத்தைப் பற்றியது.

2020 ஊரடங்கில் திருமணத்துக்கு 50 பேர் என்றார்கள். 2021 ஏப்ரல் 10 முதல் 100 பேர், அதே மாதம் 26 முதல் மீண்டும் 50 பேர், 2022 ஜனவரியில் மறுபடியும் 100 பேர். (ஏப்ரல் 10 முதலான கட்டுப்பாடு, சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த இரண்டாம் நாள் அறிவிக்கப்பட்டது, அதுவரை மைதானங்களில் கூடிய பிரசாரக் கூட்டங்களை எவரும் தலை எண்ணிப் பார்க்கவில்லை.) ஆயிரம் பேர் அமரக்கூடிய, நான்கு பக்கமும் கதவு திறந்த மண்டபமானாலும், மொட்டை மாடியில் ஷாமியானா கட்டிய வீடானாலும் ஒரே எண்ணிக்கைதான். 2021 ஜூலையில் உணவகங்களுக்கு இருக்கைகளில் பாதி என்று கணக்கிட்ட அரசு, மண்டபத்துக்கு மட்டும் 50 பேர் என்றே நிறுத்திவைத்தது. மூடிய அரங்குகளில் கொள்ளளவில் பாதி, அதிகபட்சம் 200 பேர், திறந்தவெளியில் மைதானத்தின் பரப்பைப் பொறுத்து என்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2020 அக்டோபரிலேயே வகுத்துக் கொடுத்திருந்தது. அந்த வழிமுறை கையில் இருந்தும், அடுத்தடுத்த அலைகளில் வெறும் தலைக்கணக்குக்கே திரும்பினோம். விளைவு என்னவென்றால், எங்கள் பக்கத்தில் பல வீட்டார் மண்டபத்தை ரத்து செய்துவிட்டு வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். வந்தவர்கள் குறையவில்லை, கூடத்திலும் அடுக்களையிலும் நெருக்கியடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மண்டபத்தில் இருந்திருக்கக்கூடிய காற்றோட்டமும் கண்காணிப்பும் அங்கே இல்லை.

எண்ணிக்கையைவிட எங்களை அதிகம் வாட்டியது அறிவிப்பு வந்த நேரம். முகூர்த்தத்துக்கு முன்னதாகவே மளிகை இறங்கிவிடும். இலைக்கட்டுக்கும் பாலுக்கும் காய்கறிக்கும் முன்பணம் போய்விடும். முதல் நாள் மாலையே இனிப்பு மாஸ்டர் அடுப்பு மூட்டிவிடுவார். 2022 ஜனவரி 23, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் முழு ஊரடங்கு உண்டு என்ற அறிவிப்பு 21ஆம் தேதிதான் வந்தது. திருமணங்களுக்குத் தடை இல்லை. அழைப்பிதழைக் காட்டினால் விருந்தினர்கள் போகலாம் என்று சொல்லப்பட்டது. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு இட்லி ஊற்ற வர வேண்டியவரிடம் அழைப்பிதழ் ஏது? பரிமாறுகிற பையன்களும் பாத்திரம் துலக்குகிற பெண்களும் பேருந்தை நம்பி வருகிறவர்கள். முதல் நாள் இரவே அவர்களை அழைத்து வந்து மண்டபத்து மேடையிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் படுக்க வைத்தோம். தொற்றைத் தடுக்க வந்த ஊரடங்கு, ஒரே கூரையின்கீழ் இரவு முழுவதும் அவர்களைச் சேர்த்து அடைத்து வைத்தது.

அடுத்தது முன்பணம். எத்தனை பேர் வரலாம் என்று விரிவாகச் சொன்ன ஆணைகள், ஏற்கெனவே கைமாறிய பணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. பெண் வீட்டார் எங்களிடமும் மண்டபத்தாரிடமும் திருப்பிக் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. நாங்களோ அதை மளிகைக்கடையிலும் பாத்திர வாடகையிலும் போட்டிருந்தோம். எண்ணூறு இலைக்குப் பேசியது ஐம்பது இலையாகும்போது மீதிச் செலவு யாருடையது என்று எவருக்கும் தெரியாததால், கல்யாண வீடு பல இடங்களில் பஞ்சாயத்து வீடாயிற்று.

கடனுதவி வந்ததே என்று தாங்கள் சுட்டிக்காட்டலாம். ஒன்றிய அரசின் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் 2021இல் விருந்தோம்பல் துறைக்கு விரிவாக்கப்பட்டது. 2022 நிதிநிலை அறிக்கையில் இத்துறைக்கென்றே ரூ.50,000 கோடி கூடுதல் உத்தரவாதம் அறிவிக்கப்பட்டது. பெரிய விடுதிகளுக்கு அது உயிர் கொடுத்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2021இல் அந்தக் கடன், 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் நிலுவையிலிருந்த தொகையில் 40 விழுக்காடு என்ற அளவில் கணக்கிடப்பட்டது. எங்களைப் போன்றவர்கள் வங்கிக் கடனில் தொழில் செய்வதில்லை. வாடிக்கையாளரின் முன்பணத்திலும் மளிகைக்கடைக்காரரின் தவணையிலும்தான் செய்கிறோம். நிலுவையே இல்லாதவனுக்கு பூஜ்யத்தில் 40 விழுக்காடு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2021இல் மாநில அரசு அரிசி அட்டைகளுக்கு இரு தவணையாக வழங்கிய ரூ.4,000 எங்கள் ஆட்கள் பலரின் வீட்டில் அடுப்பெரிய வைத்தது. அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அது எல்லோருக்கும் வந்தது. தொழில் இழந்தவர்கள் என்ற முறையில் எங்களுக்கு வரவில்லை. பெருந்தொற்றுக்குப் பின் மண்டபங்களைப் பற்றி அதிகம் பேசவைத்த அரசு அறிவிக்கை எது என்று பார்த்தால், அங்கே மது பரிமாறச் சிறப்பு உரிமம் தருவதாக 2023இல் வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் மண்டபங்களுக்கு மட்டும் அந்த அனுமதியைக் கைவிட்ட அதுதான். எங்கள் தொழிலில் சரிசெய்ய வேண்டியது அதுவாகவா இருந்தது?

ஆகவே நிகழ்ச்சிகளுக்கென நிலையான நெறிமுறை ஒன்றை இப்போதே வகுத்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் எண்ணிக்கை, இடத்தின் பரப்பையும் காற்றோட்டத்தையும் பொறுத்து அமையட்டும். நோய் பரவும் வேகம் இடம் கொடுக்கிற மட்டிலும், கட்டுப்பாடு நடைமுறைக்கு வருமுன் குறைந்தது ஐந்து நாள் அவகாசம் இருக்கட்டும்; அது இயலாத நிலையில், வாங்கிய பொருளுக்கு ஒப்பந்ததாரர் எவ்வளவு பிடித்துக்கொள்ளலாம், மீதியை எத்தனை நாளில் திருப்ப வேண்டும், தேதியை மாற்றிக்கொள்ள வீட்டாருக்கு என்ன உரிமை என்பதை ஆணையே சொல்லட்டும். அனுமதிக்கப்பட்ட நிகழ்ச்சிக்கு விருந்தினருக்கு வழிவிடும் விதி, வேலைக்கு வருகிறவருக்கும் வழிவிடட்டும். நிவாரணத்துக்கு யார் யார் என்று தேட வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி நாங்கள் பதிவோ உரிமமோ பெற்றாக வேண்டும். அந்தப் பட்டியல் அரசிடமே இருக்கிறது. எங்களிடம் வேலை செய்கிறவர்களையும் அதனோடு இணைத்து நலவாரியத்தில் பதிந்துகொள்ளலாம்.

நெறிமுறையை எழுதும் குழுவில் சமையல், பந்தல், மேளம், ஒலி-ஒளி ஆகிய தொழில்களிலிருந்து ஒவ்வொருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தை ஆடி மாதத்தில் வைத்தால் எங்களுக்கு முகூர்த்தம் கிடையாது. எந்த ஊரிலிருந்தும் வந்து சேர்ந்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு சமையல் ஒப்பந்ததாரர், திருநெல்வேலி.