பிரீமியர் லீக்கின் இருபது கிளப்புகளுக்கு ஒரு கணக்காளரின் திறந்த மடல்

இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீக்கின் பங்குதாரர்களான இருபது கிளப்புகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

இந்த மடலை லீக் அலுவலகத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. விதிப்புத்தகம் உங்களுடையது. கிளப்புக்கு ஒரு வாக்கு, பதினான்கு வாக்குகள் சேர்ந்தால் விதி மாறும், சேராவிட்டால் மாறாது. ஆகவே செலவுக் கட்டுப்பாட்டு விதிகள் நியாயமாக இல்லை என்று உங்களில் ஒருவர் செய்தியாளர்களிடம் குறைபட்டுக்கொள்ளும் போதெல்லாம், சமைத்தவரே பந்தியில் உட்கார்ந்துகொண்டு குழம்பில் உப்பில்லை என்று சொல்வதுபோல எனக்குத் தோன்றுகிறது.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். வார இறுதிகளில் உங்கள் ஆட்டங்களைப் பார்ப்பவன். இந்த மடலில் பெயர் வரும் எந்தக் கிளப்பின் ரசிகனும் அல்லன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவுக்கு வரம்பே கூடாது என்போரின் பக்கம் நான் நிற்கவில்லை. 2001இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை சென்ற லீட்ஸ் யுனைடெட், வராத வருவாயை வந்ததாக எண்ணிக் கடன் வாங்கிச் செலவழித்து, 2004இல் தரமிறங்கி, 2007இல் மூன்றாம் அடுக்குக்கே போய்ச் சேர்ந்தது. போர்ட்ஸ்மத் 2010இல் நொடித்து ஒன்பது புள்ளிகளை இழந்தது. 1885இல் தொடங்கிய பரி கிளப்பை 2019 ஆகஸ்டில், கீழ் அடுக்குகளை நடத்தும் கால்பந்து லீக் வெளியேற்றியபோது, தலைமுறை தலைமுறையாக ஒரே மைதானத்துக்குச் சென்று பழகிய ஓர் ஊருக்குச் சனிக்கிழமை மாலையில் போக இடமில்லாமல் போனது. இவற்றைக் கண்ட பிறகு கட்டுப்பாடு தேவையா என்று கேட்பதில் பொருளில்லை. என் முறையீடு வேறு: உங்கள் விதிகளின் கோளாறு தொகையில் இருப்பதைவிட நேரத்தில்தான் அதிகம் இருக்கிறது. அவை காலம் கடந்து தண்டிக்கின்றன. அதனால் தவறு செய்தவர் தப்புவதும், தவற்றில் பங்கில்லாதவர் இழப்பதும் நேர்கின்றன.

எவர்ட்டன் வழக்கை எடுத்துக்கொள்கிறேன். 2013இல் நீங்கள் ஏற்றுக்கொண்ட இலாப, நிலைத்தன்மை விதிகளின்படி, 2025–26 பருவம் வரை, ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் மொத்தம் 10.5 கோடி பவுண்டு வரை நட்டம் காட்டலாம். அதில் 1.5 கோடிக்கு மேற்பட்ட பகுதியை உரிமையாளர் தம் பணத்தால் ஈடுசெய்ய வேண்டும். மைதானம், இளையோர் பயிற்சி, மகளிர் அணி, சமூகப் பணி ஆகியவற்றின் செலவு இதில் சேராது. 2021–22 பருவத்தோடு முடிந்த காலத்தில் எவர்ட்டன் இந்த வரம்பை 1.95 கோடி பவுண்டு மீறியது என்று சுயேச்சை ஆணையம் 2023 நவம்பர் 17 அன்று தீர்ப்பளித்து, பத்துப் புள்ளிகளைப் பறித்தது. அடுத்த பிப்ரவரியில் மேல்முறையீட்டில் அது ஆறாகக் குறைந்தது. தீர்ப்புக்குப் பின் எவர்ட்டன் தன் மைதானமான குடிசன் பார்க்கில் ஆடிய முதல் ஆட்டத்தில், அரங்கம் முழுவதும் ரசிகர்கள் உங்கள் லீக்கை ஊழல் என்று பழிக்கும் இளஞ்சிவப்பு அட்டைகளைத் தூக்கிப் பிடித்தார்கள்.

அந்தச் சினத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் எனக்கு எவர்ட்டனைவிடப் பர்ன்லியைப் பற்றித்தான் மனம் கனக்கிறது. 2021–22 பருவ முடிவில் எவர்ட்டன் 39 புள்ளிகள், லீட்ஸ் 38, பர்ன்லி 35. மே 19 அன்று கிறிஸ்டல் பேலஸிடம் இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்து மூன்று அடித்து வென்ற எவர்ட்டன் பிழைத்தது. மூன்று நாள் கழித்து நியூகாசிலிடம் சொந்த மண்ணில் தோற்ற பர்ன்லி இரண்டாம் அடுக்குக்கு இறங்கியது. இப்போது அந்த ஆறு புள்ளிகளை அவை உரிய பருவத்திலேயே கழித்துப் பாருங்கள். எவர்ட்டனுக்கு 33. பர்ன்லி மேலே நிற்கிறது. தண்டனையை முன்பே அறிந்திருந்தால் ஆட்டங்களே வேறு விதமாக நடந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம், மறுக்கவில்லை. ஆனாலும், வரம்பை மீறிக் கட்டிய அணி மேலே தங்கியதும், அதற்கான தண்டனை வேறொரு ஆண்டில், பர்ன்லியின் இழப்புக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு புள்ளிப் பட்டியலில் விழுந்ததும் உண்மை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2022 ஏப்ரலில் பர்ன்லி பதவிநீக்கம் செய்த ஷான் டைச்தான், 2023 நவம்பரில் எவர்ட்டனின் பயிற்சியாளராக அமர்ந்து அந்தப் புள்ளிகளை இழந்தார். இரண்டு ஊர்களின் இழப்பும் ஒரே மனிதர் தலையில்.

இதை அதிகாரிகளின் மெத்தனம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. பருவம் மே மாதத்தில் முடிகிறது. கிளப்புகளின் கணக்காண்டு பெரும்பாலும் ஜூன் 30இல் முடிகிறது. தணிக்கை அதற்கும் பிறகு. எவர்ட்டன் வழக்குக்குப் பின் கணக்குகளை டிசம்பர் இறுதிக்குள் பெற்று, அந்தப் பருவத்துக்குள்ளேயே தீர்ப்பை முடிக்கும்படி நடைமுறையை விரைவாக்கினீர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போதும் தண்டிக்கப்படுவது சென்ற ஆண்டின் குற்றமே. அதோடு, இந்த விரைவு எல்லாருக்கும் ஒன்றாகவும் இல்லை. எவர்ட்டன் மீது 2023 மார்ச்சில் குற்றம் சாட்டி நவம்பரில் தீர்ப்பு வந்துவிட்டது. மான்செஸ்டர் சிட்டி மீது அதற்கு முந்தைய மாதமே நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டும், விசாரணை 2024 செப்டம்பரில்தான் தொடங்கியது. பல ஆண்டுகள் நீளும் வழக்குக்குக் கூடுதல் காலம் வேண்டும் என்பதும், அந்தக் கிளப் எல்லாவற்றையும் மறுக்கிறது என்பதும் தெரிந்ததே. ஆயினும், எளிய தவற்றைச் செய்து ஒப்புக்கொண்டவர் சில மாதங்களில் புள்ளியை இழக்க, பெரிய குற்றச்சாட்டை எதிர்கொள்பவர் பருவம் பருவமாகக் கோப்பைக்கு ஆடிக்கொண்டிருக்க முடிகிறது என்றால், அதைப் பார்ப்பவருக்கு நீங்கள் என்ன விளக்கம் தருவீர்கள்?

நேரம் சார்ந்த இன்னொரு கோளாறு ஜூன் 30. நாட்டிங்காம் ஃபாரஸ்ட் இரண்டாம் அடுக்கிலிருந்து ஏறி வந்த கிளப் என்பதால் அதன் வரம்பு 6.1 கோடி பவுண்டு மட்டுமே: கீழே இருந்த இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 1.3 கோடி, மேலே வந்த ஓராண்டுக்கு 3.5 கோடி. அதை 3.45 கோடி மீறிய ஃபாரஸ்ட், தன் வீரர் பிரென்னன் ஜான்சனை 2023 செப்டம்பர் 1 அன்று டாட்டன்ஹாமுக்கு 4.75 கோடிக்கு விற்றது. அதே விற்பனை இரண்டு மாதம் முன்பு நடந்திருந்தால் மீறலே மறைந்திருக்கும். ஆனால் அவசரத்தில் விற்றால் விலை குறைந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். பொறுத்திருந்து நல்ல விலைக்கு விற்பது கிளப்பின் நிதிநிலைக்கு நல்லதா, கெட்டதா? நிலைத்தன்மை விதி என்று பெயர் வைத்துக்கொண்டு, கிளப்பை நிலைநிறுத்தும் முடிவுக்கே தண்டனை கொடுத்தீர்கள். ஒப்புக்கொண்டு ஒத்துழைத்ததற்காக ஆறில் இரண்டைத் தள்ளி, நான்கு புள்ளிகள்.

ஃபாரஸ்டுக்கு நேர்ந்ததைப் பார்த்த மற்றவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். 2024 ஜூன் இறுதியில் நடந்தவை நினைவிருக்கும். ஆஸ்டன் வில்லாவின் ஓர் இளைஞர் எவர்ட்டனுக்கும், எவர்ட்டனின் ஓர் இளைஞர் வில்லாவுக்கும் மாறினார்கள். வில்லாவின் ஒமாரி கெல்லிமேன் செல்சிக்குப் போக, செல்சியின் இயான் மாட்சன் வில்லாவுக்கு வந்தார். எட்டு வயதில் நியூகாசிலில் சேர்ந்த எலியட் ஆண்டர்சனை, உலகின் மிகப் பெரிய நிதியங்களுள் ஒன்றைப் பின்னால் வைத்திருக்கும் நியூகாசில், ஃபாரஸ்டுக்கு விற்றது.

கணக்கு தெரியாத வாசகருக்காக இதன் சூட்சுமத்தைச் சொல்கிறேன். ஐந்து கோடிக்கு வாங்கிய வீரருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால், ஆண்டுக்கு ஒரு கோடியாக அந்த விலை செலவில் எழுதப்படும். இரண்டு ஆண்டு கழித்து நான்கு கோடிக்கு விற்றால், ஏட்டில் மீதம் மூன்று கோடி இருப்பதால் இலாபம் ஒரு கோடிதான். கிளப்பே வளர்த்த வீரருக்கு ஏட்டு மதிப்பு ஏதுமில்லை. அவரை நான்கு கோடிக்கு விற்றால் நான்கும் இலாபம், அதுவும் விற்ற நாளிலேயே. வாங்கும் கிளப்போ அதே நான்கு கோடியை ஐந்தாண்டுகளுக்குப் பரப்பி எழுதிக்கொள்ளும். ஆகவே இரண்டு கிளப்புகள் தத்தம் பிள்ளைகளை மாற்றிக்கொண்டால் இருவர் ஏட்டிலும் அந்த ஆண்டு இலாபம் பொங்கும். இளையோர் பயிற்சிச் செலவுக்கு விலக்களித்து ஊக்குவித்த அதே விதி, பயிற்சி பெற்று வந்த பிள்ளையை முதலில் விற்கவும் தூண்டுகிறது. இப்படியொரு முரணை என் தொழில்வாழ்க்கையில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

செல்சி இதையும் தாண்டியது. தன் மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் வளாகத்தில் இருந்த இரண்டு ஓட்டல்களைத் தன் சகோதர நிறுவனத்துக்கு 7.65 கோடி பவுண்டுக்கு விற்றது. பின்னர் மகளிர் அணியையே தாய் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 20 கோடிக்கு மாற்றி எழுதியது. விதி அதைத் தடுக்கவில்லை என்பதால் செல்சியை நான் குறை கூறப்போவதில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் தீர்மானம் 2024 கோடையில் உங்கள் கூட்டத்துக்கு வந்தபோது பதினான்கு வாக்குகள் சேரவில்லை; குறை அங்கேதான். ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியமான யுஈஎஃப்ஏ அத்தகைய விற்பனைகளைக் கணக்கில் ஏற்பதில்லை. 2025 ஜூலையில் அது செல்சிக்கு 3.1 கோடி யூரோ தண்டம் விதித்தது.

இனி, 2025 நவம்பர் 21 அன்று பதினான்குக்கு ஆறு என்ற வாக்கில் நீங்கள் நிறைவேற்றிய புதிய விதியைப் பற்றி. பழைய இலாப, நிலைத்தன்மை விதிகளுக்குப் பதிலாக, 2026–27 முதல் அணிச் செலவு, அதாவது வீரர்களின் ஊதியமும் வாங்கிய விலையும் போன்றவை, கால்பந்து வருவாயில் 85 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஓட்டல் விற்பனைக்கு இதில் இடமில்லை. பருவத்துக்குள்ளேயே மதிப்பீடு நடக்கும். இரண்டும் வரவேற்கத் தக்கவை. ஆனால் வருவாயை அளவுகோலாக்கும்போது என்ன நிகழ்கிறது என்று தோராயமாகப் பார்ப்போம். 2023–24இல் மான்செஸ்டர் சிட்டியின் வருவாய் சுமார் 71.5 கோடி பவுண்டு. அதில் 85 விழுக்காடு 60 கோடிக்கும் மேல். அதே பருவத்தில் லூட்டன் டவுனின் வருவாய் சுமார் 13 கோடி. அதன் 85 விழுக்காடு 11 கோடி. ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் பெரிய கிளப்புகளை யுஈஎஃப்ஏவின் 70 விழுக்காட்டு வரம்பு கட்டுப்படுத்தும் என்பதைச் சேர்த்தாலும், இடைவெளி நான்கு மடங்குக்குக் குறையாது. செல்சியை 2003இலும், சிட்டியை 2008இலும் புதிய உரிமையாளர்கள் வாங்கிப் பணத்தைக் கொட்டியபோது இப்படியொரு வேலி இல்லை. ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, அக்கரை சேர்ந்தபின் நீ யாரோ நான் யாரோ என்ற கதைதான். எல்லாக் கிளப்புகளின் செலவையும் கடைசி இடத்தில் உள்ள கிளப்பின் வருவாயோடு பிணைக்கும் தீர்மானத்தை அதே நாளில் தோற்கடித்தீர்கள். வீரர்களின் ஊதியத்துக்கு உச்சவரம்பு போலாகிவிடும் என்று தொழிற்சங்கம் எதிர்த்ததில் நியாயம் உண்டு. உங்களில் பலர் எதிர்த்ததற்கும் அதுவே காரணம் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

நான் கேட்பவை மூன்று. ஸ்பெயினின் லா லிகா, 2013 முதல் ஒவ்வொரு கிளப்புக்கும் அணிச் செலவு வரம்பை முன்கூட்டியே நிர்ணயித்து, அதற்குள் அடங்காத வீரரைப் பதிவு செய்ய மறுக்கிறது. 2021 ஆகஸ்டில் பார்சிலோனாவால் மெஸ்ஸியையே தக்கவைக்க முடியாமல் போனது இதனால்தான். கொடுமையான விதிதான். ஆனால் அதன் விளைவைப் பார்சிலோனா மட்டுமே சுமந்தது, இன்னொரு ஊர் அல்ல. உங்கள் புதிய மதிப்பீடு பருவத்துக்குள் நடந்தாலும், வீரர்களை வாங்கி முடித்த பிறகே நடக்கிறது. வீரரைப் பதிவு செய்யும் மேசையிலேயே கணக்கைக் கேளுங்கள்.

இரண்டாவது, சொந்தமாக வளர்த்த வீரரை விற்ற இலாபத்தையும், வாங்கியவர் செலவை எழுதுவதுபோலவே, ஐந்தாண்டுகளுக்குப் பரப்பி எழுத வையுங்கள். பணம் கிளப்பின் கையில்தான் இருக்கும். ஜூன் கடைசி வாரத்தின் அவசரம் மட்டும் போய்விடும். மூன்றாவது, வருவாயில் கீழ்ப்பாதியில் இருக்கும் கிளப்பின் உரிமையாளர், ஒப்பந்தக் காலம் முழுமைக்குமான ஊதியத்தையும் விலையையும் கடனாக அல்லாமல், திரும்பப் பெற முடியாத முதலீடாக முன்பணமாகவே வங்கியில் கட்டிவிட்டால், அந்தச் செலவை வரம்புக்கு வெளியே வைக்க அனுமதியுங்கள். கிளப் நொடிக்கக்கூடாது என்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், முழுப் பணமும் முன்னதாகவே கட்டப்பட்ட ஒப்பந்தத்தால் எந்தக் கிளப்பும் நொடிக்காது.

2025இல் நிறைவேறிய கால்பந்து ஆளுகைச் சட்டம் தனி ஒழுங்காற்றுநரை அமைத்திருக்கிறது. அவர் பார்க்கப்போவது கிளப்புகளின் நிதி நலத்தை; உங்களுக்குள் போட்டி சமமாக இருக்கிறதா என்பதை அல்ல. அது தொடர்ந்து உங்கள் வாக்குகளில்தான் இருக்கும். எனவே அடுத்த பொதுக்கூட்டத்தில் இவற்றை எடுத்துக்கொள்ளும்போது, எந்தக் கிளப் எப்படி வாக்களித்தது, எந்தக் காரணத்தால் என்பதை நீங்களே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்போது அந்தத் தகவல் செய்தியாளர்கள் வழியாகக் கசிந்துதான் எங்களுக்கு வருகிறது. பர்ன்லியின் டர்ஃப் மூருக்கும் எவர்ட்டனின் குடிசன் பார்க்குக்கும் நுழைவுச்சீட்டு வாங்கிச் சென்றவர்களுக்கு, தங்கள் கிளப்பின் பெயரால் எந்தப் பக்கம் கை தூக்கப்பட்டது என்று அறியும் உரிமை உண்டு.

இப்படிக்கு,
கணக்கு எழுதிப் பிழைக்கும் ஒரு பார்வையாளன்