புதிய கியூவும் பழகிய கையும்

அல்சூர்,
பெங்களூரு.

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். சிகாகோவில் குளிர் கூடிவிட்டது என்று எழுதியிருந்தாய். காதை நன்றாக மூடிக்கொண்டு வெளியே போ. வீட்டு விஷயங்களை எல்லாம் அம்மா தனியாக எழுதுவாள். நான் உன் கியூவை, பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் அந்தக் கோலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கார்பன் கியூவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய மேப்பிள் மரக் கியூவுக்கே போய்விடலாமா என்று கேட்கிறாய். போகாதே. நீ எழுதியதில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. நேர் பந்துகள் ஒழுங்காக விழுகின்றன, வலது சைடு கொடுத்து, அதாவது பந்தின் நடுவை விட்டு வலப்பக்கம் தள்ளி, அடித்தால் மட்டும் வெள்ளைப் பந்து வலப்பக்கமாகவே போய் மோதுகிறது என்கிறாய். கியூவில் கோணல் இருந்தால் நேர் பந்தும் தவறியிருக்கும். உன் அடியில் கோணல் இருந்தாலும் அப்படித்தான். இரண்டும் சரியாக இருக்கின்றன. உன் கை பழைய கியூவுக்காகக் கற்றுக்கொண்ட கணக்கு ஒன்றுதான் இன்னும் மாறவில்லை.

அந்தக் கணக்கு என்ன என்று விளக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைப் பந்தின் நடுவை விட்டு வலப்பக்கமாகத் தள்ளி அடித்தால், பந்து சுழல்வதோடு நிற்பதில்லை. கியூ காட்டிய திசையிலிருந்து சற்று இடப்பக்கமாக விலகியும் புறப்படும். எவ்வளவு விலகும் என்பது கியூவின் மொத்த எடையைப் பொறுத்தது அன்று. முனையில் இருக்கும் தோல் டிப்பை ஒட்டிய முன்பகுதி, ஏறக்குறைய ஒரு சாண் நீளம், எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முனை கனமாக இருந்தால் அது எளிதில் ஒதுங்கிக்கொடுக்காது, பந்துதான் ஒதுங்கும். முனை லேசாக இருந்தால் முனை ஒதுங்கும், பந்து தன் வழியில் போகும். உன் பழைய கியூ 13 மில்லிமீட்டர் முனை கொண்ட கெட்டி மேப்பிள். அதில் பந்து நன்றாகவே விலகும். புதியது 12.4 மில்லிமீட்டர், உள்ளே கூடாக இருக்கும் கார்பன் குழாய். முனை லேசு, விலகலும் குறைவு. நீயோ பழைய பழக்கத்தில், பந்து இடப்பக்கம் விலகும் என்று எதிர்பார்த்து, முன்கூட்டியே வலப்பக்கமாகக் குறிவைக்கிறாய். பந்து விலகவில்லை. நீ குறிவைத்த வலப்பக்கத்துக்கே போய்ச் சேருகிறது. வீடு மாறியவர்கள் இருட்டில் எழுந்தால் கை பழைய வீட்டுச் சுவரில்தான் ஸ்விட்சைத் தேடும். உன் கண்ணும் அப்படித்தான் பழைய புள்ளியைத் தேடுகிறது.

இது உனக்குப் புதிதும் அன்று. 2003-இல் நம் ஊர் பங்கஜ் அத்வானி 18 வயதில் சீனாவில் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றபோது, பேப்பரில் வந்த படத்தை வெட்டி வைத்துக்கொண்டு கியூ வேண்டும் என்று நீ அடம்பிடித்தாய். உன் உயரத்துக்கு ஒரு ஆஷ் மரக் கியூவை வெட்டிக் கொடுத்தேன். முனை ஒன்பதரை மில்லிமீட்டர். 12 அடி மேசையும் 52.5 மில்லிமீட்டர் பந்தும்தான் உனக்கு உலகம். அமெரிக்கா போனதும் பந்து 57 மில்லிமீட்டர், மேசை 9 அடி, துணியில் முடி கிடையாது, கையில் தடித்த மேப்பிள். அப்போதும் நீ இதையேதான் எழுதினாய்: பந்து சொன்னபடி கேட்கவில்லை, ஆட்டத்தையே விட்டுவிடுகிறேன் என்று. பிறகு அதே மேப்பிளை வைத்துக்கொண்டுதான் உங்கள் லீக்கில் கேப்டன் ஆனாய். அன்று ஆஷிலிருந்து மேப்பிளுக்குப் போனபோது விலகலைக் கூட்டிக் கணக்கிடக் கற்றாய். இப்போது குறைத்துக் கணக்கிட வேண்டும். அவ்வளவு பெரிய மாற்றத்தைக் கடந்தவளுக்கு இது சின்ன மாற்றம்.

உன் வழியிலேயே முன்பு ஒருவர் போயிருக்கிறார். இங்கிலாந்தின் ஆலிசன் ஃபிஷர், பெண்கள் ஸ்னூக்கரில் ஏழு முறை உலகப் பட்டம் வென்றவர், 1995-இல் அமெரிக்காவுக்குப் போய்ப் பூல் ஆடத் தொடங்கினார். 1996, 1997, 1998 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் ஒன்பது பந்து ஆட்டத்தில் உலகப் பட்டம் அவருக்குத்தான். ஸ்னூக்கர் வீரர் ஸ்டீஃபன் ஹெண்ட்ரியின் கதை உனக்குத் தெரியும். ஏழு உலகப் பட்டங்களை வென்று கொடுத்த கியூ 2003-இல் விமானப் பயணத்தில் உடைந்துபோனது. அதே ஆண்டு முடிவதற்குள் வேறொரு கியூவைப் பிடித்து, பிரிட்டிஷ் ஓப்பன் இறுதி ஆட்டத்தில் ரோனி ஓ'சல்லிவனை வென்றார். எட்டாவது உலகப் பட்டம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான். அதற்குக் கியூதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு, நான் நம்புவதில்லை. வயது ஏறிக்கொண்டிருந்தது, எதிரே நின்றவர்கள் இளைஞர்கள்.

கிளப்பில் மார்க்கராக, மேசை அருகே நின்று ஸ்கோர் குறிப்பவனாக, இருந்த காலமெல்லாம் இதை நான் பார்த்திருக்கிறேன். மெம்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து புதுக் கியூ வாங்கி வருவார். முதல் நாள் எல்லோருக்கும் காட்டுவார். இரண்டு ஆட்டம் தோற்றதும் பழையதை எடுப்பார். அதில் ஜெயித்தால் மறுபடியும் புதியது. இப்படி மாற்றி மாற்றி ஆடியவர்களுக்கு இரண்டு கியூவுமே கைக்கு வரவில்லை. புதியதைத் தொட்ட பிறகு பழையதைப் பூட்டி வைத்தவர்கள்தான் தேறினார்கள். பாப்பா, நான் உன்னிடம் கண்டிப்பாகக் கேட்பது இந்த ஒன்றுதான். மேப்பிளை அலமாரியில் வை. சாவியை உன் சிநேகிதியிடம் கொடுத்தாலும் சரி. லீக்கில் சில ஆட்டங்கள் தோற்பாய், தோற்றுவிட்டுப் போ. உன் குழுவினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு; நல்லவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

இனிப் பயிற்சி. முதலில் வேறு பந்தே வேண்டாம். வெள்ளைப் பந்தை மேசையின் நடுக்கோட்டில், நீ நிற்கும் பக்கம் வை. எதிர் விளிம்பில் இருக்கும் குஷனின் நடு டயமண்டை, அந்தக் குறியை, நோக்கி நேராக அடி. பந்து போய்த் திரும்பி வந்து உன் டிப்பையே தொட வேண்டும். வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒதுங்கினால் உன்னை அறியாமல் சைடு விழுகிறது. கியூவின் எடைப் புள்ளி மாறியிருக்கும்போது பின்கை இடம் தெரியாமல் தடுமாறும். அதனால் பின்கையை ஒரு அங்குலம் முன்னே, ஒரு அங்குலம் பின்னே என்று நகர்த்திப் பார். அடிக்கும் நொடியில் முழங்கைக்குக் கீழே கை செங்குத்தாகத் தொங்கும் இடம் எதுவோ அதுதான் உன் பிடி. பழைய கியூவில் பிடித்த இடத்தையே இதிலும் தேடாதே.

பிறகு நேர் பந்து, ஸ்டன் மட்டும்: மோதிய இடத்திலேயே வெள்ளைப் பந்து நிற்க வேண்டும். அது சலிக்கும்வரை ஆடு. அதன் பிறகுதான் சைடு. ஒரு பந்தைப் பாக்கெட்டுக்கு நேராக வை, மூன்றடி தள்ளி வெள்ளைப் பந்து. கியூவை நேர்கோட்டுக்கு இணையாகவே வைத்து, அரை டிப் அளவு வலப்பக்கம் நகர்த்தி அடி. எதையும் ஈடுகட்டாதே. பந்து விழுகிறதா, எந்தப் பக்கம் எவ்வளவு தவறுகிறது என்று மட்டும் பார். மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக என்று மூன்று விதமாகவும் அடித்துப் பார்க்க வேண்டும். மெதுவாக அடிக்கும்போது, கியூவின் பின்பக்கம் எப்போதும் சற்று உயர்ந்தே இருப்பதால், விலகிய பந்து வழியிலேயே வளைந்து திரும்பிவிடும். வேகமாக அடித்தால் வளைய நேரம் இருக்காது; விலகல் அப்படியே தெரியும். அதனால் வேகத்தை மாற்றாமல் சைடை மட்டும் சோதிப்பவர்களுக்குப் பாதி உண்மைதான் தெரியும். வலப்பக்கம் முடிந்ததும் இடப்பக்கம். பிறகு தூரத்தைக் கூட்டு. புள்ளி மாறியதை உன் கண் ஏற்றுக்கொள்ளும்வரை இதைச் செய். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டிருந்தாய். நாளை எண்ணாதே, தினமும் அரை மணி நேரம் போதும். வாரத்துக்கு ஒரு முறை நான்கு மணி நேரம் நிற்பதைவிட அது மேல்.

ஓசையைப் பற்றி யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கிளப்பில் மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்கோர் போர்டில் எண்ணை நகர்த்தும்போதே, அடித்தது எந்த மெம்பர் என்று சொல்லிவிடுவேன். ஒவ்வொரு கியூவுக்கும் ஒரு குரல் உண்டு. ஆடுகிறவரின் கை, பலத்தைக் காதை வைத்தும் அளக்கிறது. மேப்பிள் அடர்த்தியாக ஒலிக்கும், கார்பன் கூடாக ஒலிக்கும். அந்தக் கூடான ஒலியைக் கேட்டு, மெதுவாக அடித்துவிட்டோம் என்று மனம் நினைத்துக்கொள்ளும்; அடுத்த பந்தை ஓங்கி அடிப்பாய். வெள்ளைப் பந்து தேவைக்கு மேல் ஓடுகிறது என்று நீ எழுதியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்கு ஒரு பயிற்சி: வெள்ளைப் பந்தை எதிர்க் குஷனில் பட்டுத் திரும்பி வந்து இந்தப் பக்கக் குஷனை ஒட்டி நிற்கும்படி அடி. பந்து நிற்கும் இடத்தையும் ஓசையையும் சேர்த்து மனத்தில் வை. பெரிய ஆட்டக்காரர்களே ஆட்டத்துக்கு முன் மேசையின் வேகத்தை இப்படித்தான் பார்க்கிறார்கள்.

டிப்பைக் கவனித்தாயா? கடையில் போட்டுக் கொடுக்கும் டிப் பெரும்பாலும் பளபளவென்று இருக்கும், வழுக்காமலிருக்கப் பூசும் சாக் அதில் ஒட்டாது. மேலே லேசாகச் சொரசொரப்பாக்கு. வளைவு அங்கே கிடைக்கும் ஐந்து சென்ட் நாணயத்தின் விளிம்போடு பொருந்த வேண்டும். ஏறக்குறைய நம் சின்ன ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. அடுக்குத் தோல் டிப் என்றால் முதல் சில நாட்களில் அடிபட்டு இறுகும், அதற்குள் அதைக் குறை சொல்லாதே. ஒவ்வொரு அடிக்கும் முன் சாக் போடு, தேய்க்காமல் பூசு. நடுவிலிருந்து பந்தின் ஆரத்தில் பாதிக்கு மேல் தள்ளி அடித்தால் எந்தக் கியூவும் வழுக்கும். கார்பனுக்கு அதில் சலுகை இல்லை. பிரெஞ்சுக் கேப்டன் மிங்கோ, சிறையில் இருந்த காலத்தில் கியூவின் முனையில் தோலை ஒட்டிப் பார்த்தார் என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். 1800-களின் தொடக்கத்தில் நடந்தது. சைடும், வெள்ளைப் பந்தைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்க்ரூவும் ஆட்டமாக வளர்ந்தது அந்தத் தோல் துண்டுக்குப் பிறகுதான். கியூவுக்கு எத்தனை டாலர் கொடுத்திருந்தாலும் பந்தைத் தொடுவது அந்தத் தோல் ஒன்றுதான், அதைப் பார்த்துக்கொள்.

கார்பன் முன்பகுதி வளையாது என்று காரின் டிக்கியில் போட்டு வைக்காதே. பின்பகுதி மரம்தான். டிப்பை ஒட்டிய பசைக்கும் வெயில் ஆகாது. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறை எலும்பையே காய வைக்கும் என்கிறாய். பெட்டியை ஹீட்டருக்குப் பக்கத்தில் சாய்க்காதே. கார்பனை உப்புத்தாள் கொண்டு ஒருபோதும் தேய்க்காதே. ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு துடைப்பு போதும். ஆட்டத் தொடக்கத்தில் பந்துகளைக் கலைக்கும் பிரேக் அடிக்க இந்தக் கியூ வேண்டாம். அரங்கில் சுவரில் மாட்டியிருக்கும் கியூ ஒன்றை எடுத்துக்கொள், உன் டிப் பிழைக்கும்.

அடுத்த முறை ஆடும்போது செல்போனில் படம் எடுத்து அனுப்பு. ஆட்டத்தை எடுக்க வேண்டாம், பயிற்சியை மட்டும் எடு. போனை வெள்ளைப் பந்துக்கு நேர் பின்னால், உன் மார்பு உயரத்தில் வை. அப்போதுதான் கியூ நேராகப் போகிறதா என்று எனக்குத் தெரியும். வலது சைடும் இடது சைடும் தனித்தனியாக இருக்கட்டும். கியூவின் எடை எத்தனை அவுன்ஸ் என்று நீ எழுதவில்லை. கியூவின் பின்பகுதிக்குள் எடை கூட்டும் போல்ட் இருந்தால், 19-ஐத் தாண்டியிருக்கிறதா என்று கடையில் கேட்டு எழுது. நீ ஆஷில் வளர்ந்தவள், கனமான கியூ உன் கைக்கு ஒத்துவராது என்று எனக்குப் படுகிறது.

அன்புடன்,
அப்பா