பலாலியால வா, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுறன். நாங்கள் சுகம். சென்னையிலயிருந்து நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு வாறாய் எண்டு கேட்டதிலயிருந்து அப்பாவுக்குக் கால் நிலத்தில பாவுதில்லை. ஆனா இங்க யாழ்ப்பாணத்துப் பலாலி எயாப்போட்டில நேர வந்து இறங்காமல் கொழும்பால வந்தா காசு மிச்சம் எண்டாயே, அதைப் போனில கதைச்சா சண்டையில முடியும் எண்டுதான் எழுதுறன்.

நேற்று அப்பா உன்ர பள்ளிக்கூட அட்லஸைத் தேடி எடுத்து, கொழும்புப் பிளேன் இறங்குற கட்டுநாயக்காவுக்கும் சென்னைக்கும் அடிமட்டம் வைச்சுக் கோடு கீறினார். கோடு யாழ்ப்பாணத்துக்கு மேலாலயே போகுது! இரவிரவா பஸ்ஸில ஏழெட்டு மணித்தியாலம் தெற்கை போய், அங்க பிளேன் ஏறி, திரும்ப எங்கட கூரைக்கு மேலாலதானே இவ்வளவு காலமும் வடக்கை பறந்திருக்கிறம். 1947 டிசம்பரில எயார் சிலோனின்ர முதல் பறப்பே கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலயிருந்து எங்கட காங்கேசன்துறையில இறங்கித்தான் மதராசுக்குப் போனது. அந்தக் காலத்து ஆக்களுக்கு வழி தெரிஞ்சிருக்கு.

பலாலியிலயிருந்து சென்னை நேர்கோட்டில 350 கிலோமீற்றர் சொச்சம். கொழும்புக்கு ஏ9 றோட்டால 400 வரும். பறப்பு ஒன்றேகால் மணித்தியாலம், ஒன்றரை எண்டே வை. காத்தாடி ரெண்டு வைச்ச சின்னப் பிளேன், எழுபது சொச்சம் பேர்தான். ரெண்டு பக்கமும் ஒரே நேரம், மணிக்கூட்டைத் திருப்பவும் தேவையில்லை.

2022 ஆனியில அம்மம்மா மோசம் போன நேரம் உனக்கு ஞாபகம் இருக்கும். பலாலிக்குப் பிளேன் நிண்டு ரெண்டு வருசம் தாண்டியிருந்தது. சென்னையிலயிருந்து கட்டுநாயக்காவுக்கு நீ ஒன்றரை மணித்தியாலத்தில வந்திட்டாய். பிறகு பெற்றோல் இல்லை, வான் இல்லை எண்டு வழி வழியா நிண்டு, நீ படலையைத் திறக்கேக்க காடாத்தும் முடிஞ்சு, அப்பா சாம்பல் முட்டியோட கீரிமலைக்குப் போயிட்டார். செருப்பைக்கூடக் கழட்டாமல் அம்மம்மாவின்ர வெறுங்கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிண்டனீ. நான் குசினி வாசலில நிண்டு பார்த்தனான். உனக்குத் தெரியாது.

அந்த வருசம் டிசம்பர் 12ஆம் திகதி திரும்பவும் சென்னைப் பிளேன் வந்தது. சத்தம் கேட்டதும் அப்பா சாப்பிட்ட கையோட முற்றத்துக்கு ஓடி அண்ணாந்து பார்த்தார். முந்தி இந்தச் சத்தத்துக்குப் பங்கருக்குள்ள ஓடின மனுசன்! எனக்குச் சிரிப்பும் வந்தது, வேற என்னவோவும் வந்தது.

கூடுற காசை யோசியாதை. மிளகாய் வித்த காசு கிடக்கு, அப்பா தாறாராம். நீ பிறகு திருப்பித் தர வெளிக்கிட்டு அவரைக் கோவப்படுத்தாதை. வரேக்க சாமான் கனக்கக் கட்டாதை. சின்னப் பிளேனில நிறுவைக்குக் கண்டிப்பு எண்டு முன்வீட்டு அக்கா சொன்னா. போகேக்க ஒடியல்மாவும் மிளகாய்த்தூளும் தந்துவிடோணும், அதுக்கு இடம் வை.

டிக்கெட் போட்டதும் நேரத்தை அனுப்பு. எங்கட படலையிலயிருந்து பலாலிக்கு மோட்டசைக்கிளில கால் மணித்தியாலம், எண்டாலும் அப்பா ரெண்டு மணித்தியாலம் முந்திப் போய் வெயிலுக்க நிப்பார். ஹெல்மெட் ரெண்டு கொண்டு போகச் சொல்லியிருக்கிறன்.

அன்புடன்,
அம்மா