காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையின் எச்சங்களில் ஒரு பகுதியைப் பாதுகாக்கக் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1950இல் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரினால் நின்றுபோனது. அந்தக் காணியில் புதிய தொழில்கள் வரவேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே வேலை வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் இடித்து வெறும் நிலமாகக் கையளித்துவிட வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

பழையதை வைத்துக்கொண்டு புதுத் தொழில் நடத்த முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியும் என்பதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லிவந்த உதாரணம், அமெரிக்காவின் புளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்திலுள்ள 39ஏ ஏவுதளம்.

சந்திரனுக்குப் போகும் சட்டர்ன் 5 ரொக்கெட்டுக்காகக் கட்டிய தளம் அது. 1967 நவம்பர் 9ஆம் திகதி அப்பலோ 4 அங்கிருந்துதான் கிளம்பியது. 1969 யூலை 16ஆம் திகதி அப்பலோ 11உம் அங்கிருந்தே. 1973இல் ஸ்கைலாப் ஆய்வுகூடம் ஏவப்பட்டதோடு அந்த ரொக்கெட்டின் காலம் முடிந்தது. தளத்தின் காலம் முடியவில்லை. திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் விண்ணோடத்துக்கு (Space Shuttle) வேறு அமைப்பு தேவைப்பட்டபோது, நகரும் ஏவுமேடையில் சட்டர்ன் ரொக்கெட்டுக்குப் பக்கத்தில் நின்ற கோபுரத்தை வெட்டி, அதன் பகுதிகளைக் கொண்டே தளத்தில் நிலையான கோபுரம் எழுப்பினார்கள். 1981 ஏப்ரல் 12இல் கொலம்பியா விண்ணோடத்தின் முதல் பயணமும், 2011 யூலை 8இல் விண்ணோடங்களின் கடைசிப் பயணமும் அங்கிருந்தே தொடங்கின.

அப்புறம் அந்தத் தளத்துக்கு நாசாவிடம் வேலை இல்லாமல் போனது. 2014இல் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஸ்பேஸ்எக்ஸ் என்ற தனியார் விண்வெளி நிறுவனத்திடம் கொடுத்தார்கள். எங்கள் விடயத்துக்கு நெருக்கமானது இந்தக் கட்டம்தான். ரொக்கெட்டைப் படுக்கவைத்துப் பொருத்துவதற்கு நிறுவனம் தளத்தின் அடியில் புதுக் கொட்டகை கட்டியது, விண்ணோடத்துக்காக இருந்து இப்போது தேவையற்றுப்போன சுழல் கட்டமைப்பைக் கழற்றியது. நிலைக்கோபுரத்தை மட்டும் விட்டுவைத்து, வீரர்கள் ஏறும் புதிய நடைபாலத்தை அதில் பொருத்தியது. 2020 மே 30இல் அந்தப் பாலத்தால் நடந்து ரொக்கெட்டில் ஏறிய இருவரில் ஒருவரான டக் ஹேர்லி, 2011இல் அதே தளத்திலிருந்து கடைசி விண்ணோடத்தில் போனவர். இத்தனைக்கும் அந்த ஏவுதள வளாகம் 1973இலேயே அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்துவிட்டது. பதிவேட்டில் இருந்தது புதிய வேலைக்குத் தடையாகவில்லை.

பக்கத்திலுள்ள 39பி தளத்தில் பழைய கோபுரத்தை அகற்றிவிட்டார்கள். அங்கிருந்து 2022இல் நாசாவின் புதிய சந்திரத் திட்டத்தின் முதல் பயணமான ஆர்டெமிஸ் 1 போனது. அதையும் நான் குறை சொல்லவில்லை. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாதுதான். எதை வைப்பது, எதை விடுவது என்று இடிக்கும் முன்னரே யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

காங்கேசன்துறையில் அந்த யோசனை இன்னும் நடக்கவில்லை. அங்கே வேலைசெய்த என் தந்தை, 1990இல் இடம்பெயர்ந்தபோது தன் வேலை அடையாள அட்டையைக் காணி உறுதியோடு சேர்த்துப் பொலித்தீனில் சுற்றி எடுத்துவந்தார். ஓரம் கிழிந்து, கறள் பிடித்த ஊசியோடு அது எங்களிடம் இருக்கிறது. இப்படிப்பட்ட பொருட்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கும். சூளையை இயக்கியவர்கள், சுண்ணாம்புக்கல் வெட்டியவர்களில் உயிரோடு இருப்பவர்கள் மிகவும் முதியவர்கள்.

ஆகவே, இடிப்பு வேலை தொடங்கும் முன் எஞ்சிய கட்டடங்களை அளந்து படமெடுக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உதவியைப் பெறுமாறு கேட்கிறேன். காணியைப் பெறும் நிறுவனத்தோடு எழுதும் குத்தகையில், உறுதியாக நிற்கும் ஒரு கட்டமைப்பையாவது விட்டுவைக்க வேண்டும் என்ற நிபந்தனை வேண்டும். எது என்பதைப் பொறியியலாளர்கள் பார்த்துச் சொல்லட்டும். முன்னாள் தொழிலாளரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் வேலையைக் காணிக் கையளிப்புவரை தள்ளிப்போடாமல் இப்போதே பிரதேச செயலகத்தினூடாகத் தொடங்கலாம். அதற்கு என்னாலான உதவியைச் செய்வேன். தந்தையின் அட்டையையும் ஒப்படைக்கச் சம்மதம்.

இது தொடர்பாக நேரில் விளக்கமளிக்க ஒரு திகதி தந்துதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
காங்கேசன்துறை.