மதியம் இரண்டு மணிக்கு அங்கே யார்?

வேலூர்
மே 30

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும் பேத்தி வரைந்த மயில் படமும் வந்து சேர்ந்தன. மயிலுக்கு எதற்கு நாலு கால் என்று அவளிடமே கேட்டு வை, கட்டாயம் ஒரு காரணம் வைத்திருப்பாள். இங்கே எல்லாரும் நலம். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது என்று காலண்டரில் போட்டிருக்கிறான். வேலூர் வெயிலுக்கு அந்தக் காலண்டரை யாரும் காட்டவில்லை போலிருக்கிறது.

உங்கள் லேஅவுட்டில் விட்டிருக்கும் பொது இடத்தைப் பூங்காவாக்கப் போகிறார்கள், சங்கத்தில் வரைபடம் போட்டுக் காட்டினார்கள், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருந்தாய். நீ எழுதியதை வைத்து நானே மனசுக்குள் வரைந்து பார்த்தேன். நடுவில் புல்தரை, சுற்றிலும் பேவர் பிளாக் போட்ட நடைபாதை, ஒரு நீரூற்று, வரிசையாக அலங்காரப் பனை, ஒரு மூலையில் உடற்பயிற்சிக் கருவிகள், இரும்பு கேட். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் நாலு மணி நேரம் திறந்திருக்கும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு அங்கே யார் இருப்பார்கள்?

யாரும் இருக்க மாட்டார்கள். கேட் பூட்டியிருக்கும். திறந்திருந்தாலும் அந்தப் பனைக்கு அடியில் ஒரு பூனைகூட உட்கார முடியாது.

இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நாம் ஆஸ்பத்திரியில் டூட்டி முடித்துவிட்டு டீ குடிக்கப் போவோமே, லாட்ஜ்கள் இருக்கும் சந்து, அங்கே அந்த அரசமரம் இன்னும் இருக்கிறது. சந்து மட்டும் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. கடைப் பலகையெல்லாம் வங்காள எழுத்து. கல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக் கணக்கில் தங்குகிறார்கள். ஜன்னலே இல்லாத அறை, அதற்குள்ளேயே ஸ்டவ் வைத்துச் சமையல். மதியத்தில் அந்த அறையில் மனிதர் இருக்க முடியுமா? நோயாளி உள்ளே படுத்திருக்க, கூட வந்தவர்கள் மரத்தடிக்கு வந்துவிடுகிறார்கள். ரிப்போர்ட்டுக் கவரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு அப்பா, ஆட்டோக்காரர் ரெண்டு பேர், பூக்காரம்மா. போன வாரம் அந்த வழியாகப் போனபோது பூக்காரம்மாதான் கூப்பிட்டார். "இன்னாம்மா, இந்த வெயில்ல எங்க போற? இப்படி வந்து குந்து."

குந்தினேன். அண்ணாந்து பார்த்தால் மேலே இன்னொரு கூட்டம். அரசம்பழம் பழுத்திருந்த நேரம். மைனா, குயில், கிளி, அணில். இலையோடு இலையாகப் பச்சையாய், நெற்றியில் சிவப்புப் பொட்டு வைத்த சின்னக் குக்குறுவான் ஒன்று டொக் டொக் என்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பகல் ஷிப்டு இவர்களுக்கு என்றால், ராத்திரி ஷிப்டு பழந்தின்னி வௌவால்களுக்கு. நம் டூட்டி ரோஸ்டர் மாதிரியேதான்.

இந்த அத்தி, ஆல், அரசு ஜாதியில் ஒரு விசேஷம் உண்டு. பழத்துக்கு உள்ளேதான் பூ இருக்கும். எள்ளை விடச் சின்னக் குளவி ஒன்று நுனியில் உள்ள துளை வழியாக உள்ளே போய் மகரந்தம் சேர்க்கும். அரசுக்கு ஒரு குளவி, ஆலுக்கு வேறொரு குளவி. அந்தக் குளவி தலைமுறை அறாமல் இருக்க வேண்டுமானால் வருஷம் முழுக்க எங்காவது ஒரு மரத்தில் காய் இருந்தாக வேண்டும். அதனால் எல்லா மரமும் ஒரே சமயத்தில் காய்ப்பதில்லை. இந்த மரம் ஓய்ந்தால் அடுத்த தெருவில் ஒன்று பழுக்கும். மாவும் நாவலும் இல்லாத மாதங்களில் பறவைகளைக் காப்பாற்றுவது இவைதான். ஊருக்குள் ஒரு கிழ அரசமரத்தை வெட்டிவிட்டு நூறு குரோட்டன்ஸ் செடி வைத்தால் கணக்கு சரியாகாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மரத்தின் அடியைப் பார்த்தால் வயிற்றெரிச்சல். தண்டை ஒட்டி சிமெண்ட். அதற்கு மேல் பேவர் பிளாக். ஒரு கை அகலத்துக்குக்கூட மண் தெரியவில்லை. வேர் சிமெண்டைத் தூக்கிக்கொண்டு வெடிப்பு விட்டிருக்கிறது. பட்டையில் டியூஷன் பலகை, வாடகை அறைப் பலகை, எல்லாம் ஆணியடித்து. ஒரு ஆணியைச் சுற்றிப் பட்டை வளர்ந்து மூடிப் பாதி விழுங்கியிருக்கிறது, தலை மட்டும் துருப்பிடித்து வெளியே தெரிகிறது. மழை பெய்தால் தண்ணீர் வேருக்குப் போக வழியில்லை, சாக்கடைக்குத்தான் போகும்.

நமக்கு வார்டில் ஜன்னலோரப் படுக்கைக்கு எவ்வளவு போட்டி நடக்கும், ஞாபகம் இருக்கிறதா? நைட் டூட்டியில் எத்தனை பேர் "சிஸ்டர், கொஞ்சம் அந்தப் பக்கம் மாத்திக் கொடுங்க" என்று கெஞ்சுவார்கள். காற்றுக்குத்தான் என்று அப்போது நினைத்தோம். 1984ல் ரோஜர் உல்ரிச் என்கிற ஆராய்ச்சியாளர் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களின் பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. வயதும் உடல்நிலையும் அவர்களோடு பொருந்துகிற இன்னொரு 23 பேருக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. மரம் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சற்று முன்னதாகவே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பலமான வலி மருந்து குறைவாகத் தேவைப்பட்டிருக்கிறது. நர்சுகள் எழுதி வைத்த குறிப்பிலும் முனகல் குறைவு. 46 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்து ஊர் முழுக்க முரசு அடிக்க முடியாது. ஆனாலும் நர்சு எழுதிய குறிப்பும் ஒரு ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

வெயில் விஷயம் உனக்குச் சொல்லத் தேவையில்லை. வேலூரைச் சுற்றி மொட்டைப் பாறை மலை. பகலெல்லாம் காய்ந்த பாறையும் கான்கிரீட்டும் ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் கக்குகிறது. கட்டட வேலைக்காரர்களையும் தனியாக இருக்கும் வயசானவர்களையும் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய சூட்டோடும் உளறலோடும் தூக்கிக்கொண்டு வருவார்களே, அந்த முகங்களை நம்மால் மறக்க முடியுமா? 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையையும் மாநிலப் பேரிடராக அறிவித்தது. அரசாணை வந்தது நல்லதுதான். ஆனால் சித்தாள் ஒருத்தி மதியச் சோற்றைப் பிரித்து உட்கார நிழல் வேண்டுமே. மரம் வெறும் குடை இல்லை. வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை வழியாக ஆவியாக விட்டுச் சுற்றியுள்ள காற்றையே குளிர்விக்கிறது. தகரக் கூரையும் நிழல் தரும், அதற்கு அடியில் உட்கார்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டதை டிவியில் பார்த்துவிட்டு நீ பதறிப்போய் போன் செய்தாயே. 1903க்குப் பிறகு அப்படி ஒரு வெள்ளம் இல்லை என்றார்கள். காட்பாடிப் பக்கம் ஏரிகள் வழிந்து தெருவெல்லாம் தண்ணீர். வற்றிக் கிடந்த ஆறு ஒரே மாதத்தில் அப்படிப் பயமுறுத்தும் என்று யார் கண்டது? மண் தெரிகிற இடம் இருந்தால் தண்ணீர் அங்கேயாவது இறங்கும். உங்கள் லேஅவுட்டில் எல்லா வீட்டு வாசலும் சிமெண்ட் என்று நீயே எழுதியிருக்கிறாய். மிச்சமிருக்கும் அந்த ஒரு துண்டு மண்ணையும் மூடப் போகிறார்கள்.

ஊரைக் குறை மட்டும் சொல்லவில்லை. மரமில்லா மலை, தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம்மூரைக் கிண்டல் செய்வார்களே. 1981ல் ஜலகண்டேஸ்வரரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து கோயில் குறை தீர்ந்தது. ராஜாவுக்கு இனி அவசியமில்லை. கோட்டைக்குள்ளே காலை நடைக்குப் போனால் மனசு நிறைகிறது. அகழி ஓரக் கல்லில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டு நிற்கும். மடையான் தவம் செய்யும். சாயங்காலத்தில் அதே வங்காளத்துக் குடும்பங்கள், கையில் பிளாஸ்டர் ஒட்டிய நோயாளியோடு, புல்லில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பார்கள். ஊருக்கு நடுவில் அவ்வளவு வானம் வேறெங்கே கிடைக்கும்?

சரி, உங்கள் இடத்துக்கு வருவோம். லேஅவுட் போடும்போது திறந்தவெளிக்கென்று ஒதுக்குகிற நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். உங்கள் இடத்துக்கும் அந்தப் பத்திரம் இருக்கிறதா என்று சங்கச் செயலாளரிடம் கேள். இருந்தால் அது சங்கத்துச் சொத்து ஆகாது, பொதுச் சொத்து. வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள், வாட்ச்மேன், கூரியர் பையன் எல்லாரும் அதில் உட்காரலாம். மதியம் கேட்டைப் பூட்டாதீர்கள் என்று நீ சொல்வதற்கு அது போதும்.

மரத்தில் என் வோட்டு புங்கனுக்கு. சீக்கிரம் வளரும், கடும் கோடையிலும் தளதளவென்று நிற்கும். கூடவே வேம்பு, நாவல், மகிழம், பூவரசு. இடம் தாராளமாக இருந்தால் சுவரையும் குழாயையும் விட்டுத் தள்ளி ஒரு அரசு. யாராவது கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரத்தை வைக்கலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதே. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசே அதை நடத் தடை போட்டுவிட்டது.

ஒரு மூலையை மட்டும் 'சுத்தம்' செய்யாமல் விடச் சொல். எருக்கு, தும்பை, தானாக முளைக்கிறதெல்லாம் இருக்கட்டும். முதலில் வெட்டுவது எருக்கைத்தான், எனக்குத் தெரியும். ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு ஓரம் வைத்த ஒரு பட்டாம்பூச்சியை நீ பார்த்திருப்பாய், வெந்தய வரியன் என்பார்கள். அதன் புழு எருக்கிலையைத் தின்றுதான் வளர்கிறது. அந்தப் பாலின் விஷம் உடம்பில் ஏறிவிடுவதால் பெரும்பாலான பறவைகள் அதைத் தொடுவதில்லை. பேத்தியைக் கூட்டிப்போய் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டு, கறுப்பும் மஞ்சளுமாக வரி போட்ட புழு இருந்தாலும் இருக்கும். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள், கையைக் கழுவச் சொல். என்ன செய்வது, நர்சு புத்தி.

பாம்பு வரும், கொசு வரும் என்று சங்கத்தில் சொல்வார்கள். பாம்பு எலிக்காக வருகிறது, எலி குப்பைக்காக வருகிறது, குப்பையை முதலில் எடுக்கட்டும். டெங்குக் கொசு முட்டையிடுவது தேங்கி நிற்கிற நல்ல தண்ணீரில். மோட்டார் பழுதாகி நிற்கும் அந்த நீரூற்றுத் தொட்டிதான் அதற்கு முதல் பிரசவ வார்டு. குடிக்கிறவர்கள் வந்து உட்காருவார்கள் என்கிற பயம் மட்டும் நியாயமானது. பெண்கள் பயமில்லாமல் போய்வர வேண்டுமானால் புதரை ஒரே பக்கமாக வைத்து, தெருவிலிருந்து உள்ளே பார்வை போகிற மாதிரி விட வேண்டும். நடைபாதைக்கு மட்டும் தாழ்வாக விளக்கு போதும். மரத்தை நோக்கி ஃபோகஸ் லைட் அடித்தால் அங்கே அடைகிற பறவை எப்படித் தூங்கும்? கோவையில் உக்கடம் பெரியகுளத்துக் கரையில் வண்ண விளக்கு போட்டபோது நீயே அலுத்துக்கொண்டாய்.

அப்புறம், நாவல் கன்று நர்சரியில் வாங்காதே. அடுத்த மாதம் இங்கே பழம் வந்துவிடும். எங்கள் தெரு மரத்துப் பழம் சதைப்பற்றாக, துவர்ப்பு குறைவாக இருக்கும். நாவல் விதை காய்ந்தால் முளைக்காது, பழம் தின்ற சூட்டோடு மண்ணில் போட வேண்டும். கழுவி, ஈரத் துணியில் சுற்றி கூரியரில் போட்டுவிடுகிறேன். வந்த அன்றே தொட்டியில் ஊன்று. நீ கேட்ட முள்ளு கத்தரிக்காயும் ஒரு கிலோ வைக்கிறேன். 2023ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு விலை கேட்டாலே முள் குத்துகிறது, இருந்தாலும் உனக்கு இல்லாததா? புது வீட்டு முகவரியைப் பின்கோடோடு எழுதி அனுப்பு, போன தடவை நீ எழுதியதில் கடைசி நம்பர் ஆறா எட்டா என்று தெரியவில்லை.

அன்புடன்,
உன் பழைய நைட் டூட்டிக் கூட்டாளி