நாலரைப் பங்கும் ஒரு பீட்சாவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்பு மாணவர்களுக்குப் பின்னம் கற்பிப்பது பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். கடலோரப் பிள்ளைகள் பின்னத்தோடு பழக்கமே இல்லாமல் வகுப்புக்கு வருகிறார்கள் என்றும், ஒரு பீட்சாவை எட்டாக வெட்டிக் காட்டினால் எல்லாம் விளங்கிவிடும் என்றும் கட்டுரையாளர் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு வழங்கிவிட்டார். எங்கள் மாவட்டத்தைப் பற்றி எது எழுதினாலும் போடுவதைப் போல மேலே அப்துல் கலாம் அவர்களின் படத்தையும் தவறாமல் போட்டிருந்தீர்கள். அவர் பிறந்த இராமேசுவரம் தீவின் பிள்ளைகளைப் பற்றித்தான் கீழே இப்படி எழுதியிருக்கிறது என்பது அச்சாகும் வரை யார் கண்ணிலும் படவில்லை போலும்.

தீவிலும் மண்டபம் ஊரிலுமாக அரசுப் பள்ளிகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். நாட்டுப்படகு கரை சேர்ந்ததும் செலவைக் கழித்து மீதியைப் பங்கு வைப்பார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. பங்கு முறை ஊருக்கு ஊர் மாறினாலும், புதிதாகத் தொழிலுக்குப் போகும் பையனுக்கு அரைப் பங்கு என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களே என் மாணவர்கள். நாலு பேருக்கு முழுப் பங்கு, ஒரு பையனுக்கு அரைப் பங்கு, பிரிக்க வேண்டியது 9,000 ரூபாய் என்று ஒருநாள் கரும்பலகையில் எழுதினேன். நான் சுண்ணக்கட்டியைக் கீழே வைப்பதற்குள் பையனுக்கு ஆயிரம், மற்றவர்களுக்கு இரண்டாயிரம் என்று ஒருவன் சொல்லிவிட்டான். எப்படி என்று கேட்டதற்கு, "மொத்தம் ஒன்பது அரைப் பங்கு டீச்சர்" என்றான். கலப்புப் பின்னமான 4½-ஐத் தகாபின்னமான 9/2 ஆக்கி, அதனால் வகுக்கும் கணக்கு அது. பின்னத்தால் வகுப்பதை நான் அப்போது தொடங்கியிருக்கவே இல்லை.

அதே மாணவன் தேர்வில் ½-ஐயும் ⅓-ஐயும் கூட்டி 2/5 என்று எழுதினான்; அரையோடு இன்னொன்றைச் சேர்த்து அரையைவிடக் குறைந்த விடை! துண்டுகளை எண்ணிப் பழக்கினால் பிள்ளை மேலேயும் கீழேயும் துண்டுகளைத்தான் எண்ணும். பீட்சாவுக்குப் பதிலாகத் தோசை என்று எழுதியிருந்தாலும் என் வருத்தம் தீர்ந்திருக்காது. ¾ வரைக்கும் வட்டம் உதவும், 7/4 வந்ததும் "நாலு துண்டிலிருந்து ஏழு துண்டு எப்படி எடுப்பது?" என்று கேட்கிறார்கள், நியாயமாகத்தான் கேட்கிறார்கள். இதற்காகவே ஒரு கயிற்றில், இரு கைகளையும் விரித்து ஆழம் அளக்கும் பாகக் கணக்கில், முழுப் பாகத்துக்குப் பெரிய முடிச்சும் கால் பாகத்துக்குச் சிறிய முடிச்சும் போட்டு வைத்திருந்தேன். ஏழாவது கால் எங்கே விழுகிறது என்று விரலை வைத்துப் பார்த்த பிள்ளை, அது 1¾ என்பதைத் தானே சொல்லும்.

கழித்தல் இன்னும் மோசம். 5¼ கிலோ இறாலில் 2¾ கிலோ விற்றால் மீதி எவ்வளவு என்று கேட்டால், கடன் வாங்கிய ஒன்றை நான்கு கால்களாகக் கொள்ளாமல், முழு எண் கழித்தலின் பழக்கத்தில் பத்தாகக் கொண்டு, மீதி 4 கிலோ என்று எழுதுகிறார்கள். முதல் பருவத்து இயற்கணிதத்தில் x போன்ற ஓர் எழுத்துக்கு முன்னால் 2 போட்டால் பெருக்கல். மூன்றாம் பருவத்தில் ½-க்கு முன்னால் 2 போட்டால் கூட்டல். இதை நின்று விளக்க நேரம் எங்கே இருக்கிறது? பின்னங்கள் மூன்றாம் பருவத்தின் முதல் பாடம். பொங்கல் விடுமுறையும் குடியரசு நாள் ஒத்திகையும் போக மிஞ்சிய நாட்களில் அதை நடத்தி முடிக்க வேண்டும். அதன் பிறகு, அடிப்படை இல்லை என்ற பழி பிள்ளைகள் மேலும் எங்கள் மேலும் விழும். முந்திரி என்னும் பழைய தமிழ்ப் பின்னமான 1/320 வரைக்கும் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டை ஒப்பித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பின்னம் பழக்கமில்லையாம்.

கட்டுரைக்கு மறுப்பு வெளியிடுங்கள் என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. முன்பு எழுதிய கடிதங்கள் தங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தனவா என்பதும் தெரியவில்லை. மாணவர் பக்கத்து மாதிரி வினாத்தாள்களில் 2½ என்பதைத் தொடர்ந்து 21/2 என்றே அச்சிடுகிறீர்கள், இரண்டரை பத்தரையாகிவிடுகிறது. விடைப் பகுதியில் மட்டும் அது மறுபடியும் இரண்டரையாக இருப்பதால், சரியாகக் கணக்குப் போட்ட பிள்ளைதான் தன் விடையை அடித்துவிட்டு அழுகிறது. அடுத்த வாரத்திலிருந்தாவது முழு எண்ணைத் தனியே விட்டு, பின்னத்தின் கோட்டைப் படுக்கையாகப் போடச் சொல்லுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் "இரண்டரை" என்று எழுத்திலேயே போடலாம். எங்கள் பிள்ளைகளுக்கு அது புரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
தங்கச்சிமடம்.